மூட்டைக்குக் கணக்கு உண்டு, ஆளுக்கு?

தஞ்சாவூருக்குக் கிழக்கே ஓர் அரிசி ஆலை. பெயர் வேண்டாம். முன்னறையில் போய் உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது சிட்டை. எந்த லாரியில் எத்தனை மூட்டை வந்தது, ஈரப்பதம் எவ்வளவு, அவியலுக்குப் போனது எவ்வளவு, தவிடு எத்தனை கிலோ, உமி யாருக்குப் போனது என்று எல்லாம் அன்றன்றைக்கே ஏறியிருக்கும். ஒரு மூட்டை இடித்தால் கணக்குப்பிள்ளைக்கு ராத்தூக்கம் கிடையாது. அதே ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளுகிற பெரியவர் எந்த வருஷம் சேர்ந்தார் என்று கேட்டேன். கணக்குப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவரா? பெரிய முதலாளி காலத்து ஆளு சார்" என்றார். அவ்வளவுதான் அவருடைய பணிப் பதிவேடு.

இப்படி எழுதாமல் விடுவது இந்த மண்ணின் பழக்கம் என்று சொல்லிவிட முடியாது. பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயில் பணிக்கென்று அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, முன்பு எந்தக் கோயிலில் இருந்து வந்தவர் என்று வரிசையாகக் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்வோர், கணக்கு எழுதுவோர், குடை பிடிப்போர், குயவர், தச்சர், நாவிதர் என்று மற்றவர்களுக்கும் எத்தனை பங்கு என்று உண்டு. ஒருவர் இறந்துபோனாலோ ஊரை விட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்கு என்பதும் எழுதியிருக்கிறது. அந்தப் பெண்கள் விருப்பப்பட்டா வந்தார்கள் என்பது வேறு கேள்வி. ஆனால் ஆள் யார், எங்கிருந்து வந்தார், கூலி எவ்வளவு, போனால் அடுத்து யார் என்ற நாலு விவரமும் இன்றைக்கும் ஒரு நல்ல பணிக்கோப்பில் இருக்க வேண்டியவைதான்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் டெல்டாவுக்குத் தெரிந்த கதை. தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதவர்கள், பெயர் எந்தப் பதிவிலும் இல்லாததால் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது அதனால்தான். வயலுக்கு அப்படி ஒரு சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆலையும் பாத்திரப் பட்டறையும் ஜவுளிக்கடையும் இன்னும் வாய்க்கணக்கிலேயே ஓடுகின்றன.

சிறு முதலாளிகளிடம் பேசினால் ஒரே பதில்தான் வரும்: "எழுதி வெச்சா நாளைக்கு கேஸ் போட்டுருவாங்க சார்." இந்தப் பயத்தைப் பிடித்து உலுக்கத்தான் இந்தக் கட்டுரை. எழுதாமல் இருப்பது முதலாளியைக் காப்பாற்றாது. தொழிலாளியைக் கட்டாயம் கெடுக்கும்.

சட்டம் எப்படி நிற்கிறது பாருங்கள். கடந்த 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதில் ஊதியத் தொகுப்பின்படி, 'எனக்குக் கூலி வரவில்லை', 'குறைத்துக் கொடுத்தார்கள்' என்று தொழிலாளி மனுப் போட்டால், கொடுத்ததை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. தொழிலாளி அல்ல. கையெழுத்துள்ள பதிவேடோ வங்கிக் கணக்கு வரவோ இல்லையென்றால் முதலாளி சொல்வதற்கு ஒன்றுமில்லை. பாக்கித் தொகையோடு அதைப்போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மூன்று ஆண்டுக்குள் கேட்கலாம். பதிவேடு வைக்காததற்கு மட்டுமே 10,000 ரூபாய் வரை அபராதம். உண்மையிலேயே கூலியைச் சரியாகக் கொடுத்த முதலாளி, கொடுத்ததற்குத் துண்டுச் சீட்டு இல்லாததால் இரண்டாம் முறை கொடுக்க நேரலாம்.

தொழிலாளி பக்கம் தராசு வேறு மாதிரி சாயும். 'இங்கே இத்தனை நாள் வேலை பார்த்தேன்' என்பதை முதலில் காட்ட வேண்டியவர் அவர்தான். பணிநீக்க வழக்குகளில் வரும் 240 நாள் கணக்கு அப்படிப்பட்டது. 2005-ல் எல்லட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் நடைமுறையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. தினக்கூலிக்கு நியமன உத்தரவும் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. அப்படிப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்ன பிறகு, வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி முதலாளியைக் கேட்கலாம் என்றது. ஆனாலும் தன் பக்கம் ஒரு துண்டுக் காகிதமாவது இருப்பவருக்குத்தான் வாய் திறக்க முடிகிறது.

காகிதம் இல்லாததன் விலையை ரூபாயில் பார்ப்போம். ஈ.எஸ்.ஐ. இல்லாத ஒரு பட்டறையில் விபத்தில் ஒருவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். மாதக் கூலி 12,000. வயது 40. இழப்பீடு என்பது கூலியில் பாதியை, வயதுக்கென்று சட்டம் கொடுத்திருக்கும் காரணியால் பெருக்குவது. 40 வயதுக்குக் காரணி 184.17. ஆக 6,000-ஐப் பெருக்கினால் 11,05,020 ரூபாய். பதிவேட்டில் வயது 50 என்று தோராயமாக எழுதியிருந்தால் காரணி 153.09; தொகை 9,18,540. கணக்குப்பிள்ளை போகிற போக்கில் மாற்றிப் போட்ட ஓர் இலக்கத்துக்கு விலை 1,86,480 ரூபாய். வயது சரியாக இருந்து, பி.எஃப். பங்கைக் குறைக்க வேண்டும் என்று கூலியை 8,000 என்று எழுதியிருந்தால் 7,36,680. குடும்பத்துக்கு 3,68,340 ரூபாய் நஷ்டம். 'பாதி கையில், பாதி பேங்கில்' என்ற ஏற்பாட்டுக்குத் தலையாட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

வயது என்றதும் ஆதாரைக் காட்டுகிறோம். அதில் முதியவர்கள் நிறையப் பேருக்கு ஜனவரி 1 பிறந்தநாள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு சாலை விபத்து வழக்கில், இறந்தவரின் பள்ளிச் சான்றில் 1970 அக்டோபர் 7, ஆதாரில் 1969 ஜனவரி 1. ஆதார் அடையாளத்துக்கு ஆதாரமே தவிர பிறந்த தேதிக்கு அல்ல என்று சொல்லி, பள்ளிச் சான்றைத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஆகவே சேரும் நாளிலேயே பள்ளி மாற்றுச் சான்றின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். நகல் போதும். அசலை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கம் நம் ஊர்க் கடைகளில் இன்னும் இருக்கிறது. அசல் சான்றிதழ் அடகு நகை இல்லை. கேட்டால் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்திருந்தால் எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள்.

பெயர் இன்னொரு தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கலியபெருமாள் என்று ஓர் ஆள் என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் அட்டையில் கோ. கலியபெருமாள், வங்கியில் கலியபெருமாள் கோவிந்தராசு, ஆலை மஸ்டரில் கலியன். பி.எஃப். கணக்கு எந்தப் பெயரில் திறந்தார்களோ அது ஆதாரோடு ஒட்டாது. மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான் தெரியும். அப்புறம் கூட்டு உறுதிமொழிப் படிவம், முதலாளி கையொப்பம் என்று அலைச்சல். அதற்குள் ஆலை கைமாறியிருந்தால் கையெழுத்துப் போட ஆளே இருக்காது. சேரும் அன்றைக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி எல்லாவற்றிலும் ஒரே எழுத்தாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் தீர்ந்தது. நாமினி பெயரையும் அப்போதே போட்டுவிடுங்கள். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, கோப்பில் என்னதான் இருக்க வேண்டும்? பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆளுக்கு ஓர் அட்டைக் கோப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் நியமனக் கடிதம் இப்போது கட்டாயம்; பழைய ஆட்களுக்கும் சட்டம் வந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். பத்துக்குக் குறைவென்றாலும் அரைப் பக்கத்தில் பெயர், வேலை, சேர்ந்த தேதி, கூலி என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதை யார் தடுக்கிறார்கள்? வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, சம்பளச் சீட்டு ஆகியவை எல்லா அளவு நிறுவனத்துக்கும் உண்டு. வயல்வேலைக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேருக்கு மேல் வைக்காதவருக்கு மட்டும் விலக்கு. அவரும் அதிகாரி கேட்டால் கூலி கொடுத்ததற்கு அத்தாட்சி காட்டியாக வேண்டும். பத்துப் பேரைத் தொட்டால் ஈ.எஸ்.ஐ., இருபதைத் தொட்டால் பி.எஃப். என்று அடுத்தடுத்த படிகள். மேஸ்திரி கூட்டி வந்த பீகார், ஜார்க்கண்ட் ஆட்களை 'அது அவர் கணக்கு' என்று தள்ள முடியாது. மேஸ்திரி கூலி தராவிட்டால் பொறுப்பு ஆலைக்காரர் தலையில்தான் விழும்.

அட்வான்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு, காதுகுத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று வாங்குவது ஊர் வழக்கம்; முதலாளியின் கருணையும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அட்வான்ஸ் நோட்டு ஒரு பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போய், பிடித்தது எவ்வளவு என்பது எழுதப்படாமலே இருந்தால், 'கடன் தீராமல் போகக்கூடாது' என்று ஆள் கட்டிப்போடப்படுகிறார். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதைத்தான் குற்றம் என்கிறது. அந்தக் கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பாரமும் கடன் கொடுத்தவர் மேல்தான். கொடுத்த தேதி, பிடித்த தேதி, மீதி, இரு கையெழுத்து. நகல் ஒன்று தொழிலாளி கையில். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் யாரும் வாங்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம்.

இன்னொரு புது ஆபத்து செல்போனில் இருக்கிறது. ஆள் சேர்ந்ததும் ஆதாரைப் படம் எடுத்து ஆலை வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். முப்பது பேர் போனில் அவர் எண், முகவரி, பிறந்த தேதி. வேலையை முன்னிட்டு விவரம் வாங்க 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊருக்கெல்லாம் அனுப்ப இடம் கொடுக்கவில்லை. கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் நகல் இருக்கிறது, பல வேலைக்கு அதுவே போதும். மருத்துவச் சீட்டு, பெண் ஊழியர்களின் வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் பூட்டுள்ள அலமாரியில் இருக்க வேண்டியவை.

தகராறு வந்தால் எங்கே போவது? கூலிக்கு, மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அமலாக்க அலுவலகம். விபத்துக்கு, இழப்பீட்டு ஆணையராக இருக்கும் தொழிலாளர் துணை ஆணையர். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கும் தலித், பழங்குடியினருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி உண்டு. வேலையை விட்டாலோ நீக்கினாலோ பாக்கிக் கூலி இரண்டு வேலை நாளுக்குள் கைக்கு வர வேண்டும்.

ஆலை தராவிட்டாலும் தொழிலாளி தன் காகிதத்தைத் தானே சேர்க்கலாம். கூலி ஜி-பேயில் வந்த பதிவுகள், 'நாளைக்கு நைட் ஷிப்ட் வா' என்று மேஸ்திரி அனுப்பிய குரல் செய்தி, ஆயுதபூஜைக்கு ஆலை வாசலில் எல்லோரும் நின்று எடுத்த போட்டோ, எல்லாமே ஒரு நாள் பேசும்.

பாய்லர் பெரியவர் கதைக்கு வருகிறேன். 19 வருஷம் வேலை பார்த்ததாக அவர் சொன்னார், சம்பளம் 12,000. அந்தக் கணக்குக்குப் பணிக்கொடை மட்டும் 1,31,538 ரூபாய் வரும். ஆலைக்காரர் 'நாலு வருஷம்தான்' என்றார். அஞ்சு வருஷத்துக்குக் குறைந்தால் பணிக்கொடை கிடையாதே! அத்தாட்சி ஏதாவது இருக்கிறதா என்று பெரியவரிடம் கேட்டேன். உள்ளே போய் உமிவாசம் அடிக்கும் ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்தார். சுருட்டி வைத்த மாதக் காலண்டர்கள். வேலைக்குப் போன நாளையெல்லாம் பேனாவில் வட்டம் போட்டிருந்தார். நைட் ஷிப்டுக்கு இரட்டை வட்டம். சம்பளம் வாங்கிய நாளில் தொகை. 2018-க்கு முந்தியவை கஜா புயலில் கூரை போன அன்றைக்கு நனைந்து கூழாகிவிட்டதாம். மிச்சம் இருந்தது ஏழு வருஷம். ஒவ்வொரு காலண்டரின் தலையிலும் லட்சுமி படத்துக்குக் கீழே, பொங்கல் வாழ்த்துகளோடு, அதே ஆலையின் பெயர் அச்சிட்டிருந்தது.