புல்லுக்கு அடியில் ஒரு கிராமம்

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயரில், ஒரு சிறு பள்ளத்தாக்கு இருக்கிறது. நண்பகலில் அங்கே போனால் பசும்புல்லும், கூரையிழந்த பழைய தேவாலயம் ஒன்றும்தான் முதலில் கண்ணில் படும். மாலையில் பாருங்கள்! சாய்வெயிலில் சிறு மேடுகளின் நிழல் நீண்டு விழும். புல்வெளியில் தெருக்களும் வீட்டு மனைகளும் கோடு போட்டாற்போலத் தெரியும். வார்ரம் பெர்ஸி என்னும் கிராமம் அங்கேதான் புதைந்து கிடக்கிறது.

பொருளாதார வரலாற்று அறிஞர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு இந்த மேடுகளை 1948இல் பார்வையிட்டார். பிறகு தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் அவருடன் சேர்ந்தார். 1950 முதல் 1990 வரை, ஒவ்வொரு கோடையிலும் அகழாய்வு நடந்தது. அக்காலத்தில் குறுகிய குழி தோண்டிப் பார்ப்பதே வழக்கம். இவர்களோ ஒரு வீட்டின் பரப்பு முழுவதையும் திறந்து, மண்ணை அடுக்கு அடுக்காக நீக்கினார்கள். ஒரே மனையில் வீடு பலமுறை புதுப்பித்துக் கட்டப்பட்டது அப்போது புலனாயிற்று.

கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 700 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை என்ன சொல்கின்றன? நைட்ரஜன் அணுக்களில் எடை குறைந்ததும் கூடியதுமாக இரு வகை உண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் உடலில், எடை கூடிய வகையின் விகிதம் தாயின் உடலில் உள்ளதைவிடச் சற்று அதிகமாகும். பால் மறந்ததும் அது குறைந்துவிடும். குழந்தைகளின் எலும்பில் இதை அளந்து, அவ்வூர்த் தாய்மார்கள் சுமார் ஒன்றரை வயதுவரை பாலூட்டினார்கள் என்று கண்டறிந்தார்கள். எந்த ஏட்டிலும் எழுதப்படாத செய்தி அல்லவா இது!

சரி, ஊர் ஏன் அழிந்தது? கொள்ளைநோய்தான் காரணம் என்று நீங்கள் நினைக்கலாம். 1348இல் இங்கிலாந்துக்குள் நுழைந்த அந்நோய் லட்சக்கணக்கானோரைக் கொன்றது உண்மையே. ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். அதற்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் இவ்வூரில் மக்கள் வாழ்ந்தார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 1500ஐ ஒட்டித்தான்.

அவர்களை விரட்டியது ஆடு! நோய்க்குப் பின் வேலையாட்கள் குறைந்தார்கள், கூலி உயர்ந்தது. தானியம் விளைவிக்கப் பலர் வேண்டும். ஆட்டு மந்தைக்கோ ஓரிரு மேய்ப்பர்கள் போதும். கம்பளிக்கும் நல்ல விலை கிடைத்தது. எனவே நிலவுடைமையாளர்கள் விளைநிலத்தை மேய்ச்சல் நிலமாக்கினார்கள். வார்ரம் பெர்ஸியில் நான்கு வீடுகள் ஒழிக்கப்பட்டதும், நான்கு ஏர்கள் நிறுத்தப்பட்டதும் 1517இல் நடந்த அரசு விசாரணையில் பதிவாகியுள்ளன.

ஆகவே, கொள்ளைநோய் இவ்வூரைத் தளர்த்தியது. காலி செய்தது மனிதர் போட்ட லாபக் கணக்கு. இங்கிலாந்தில் இவ்வாறு கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமங்கள் சுமார் 3000. ஒவ்வொன்றின் கதையும் வேறாக இருக்கலாம். அதை அறிய மண்ணையும் ஏட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.