உங்களுக்குத் தெரியுமா? கண்ணீர்ப்புகை சினிமா

2022-இல் இலங்கையின் டாலர் கையிருப்பு வற்றியபோது, மண்ணெண்ணெய் கிடைக்காமல் அந்நாட்டு மீனவர்களின் படகுகள் கரையில் கிடந்தன. படகு ஒரு வாரம் கரையில் கிடந்தால் வீட்டில் உலை என்ன ஆகும் என்பதை நம் ஊர் மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேல் மாகாணப் பள்ளிகளிலோ வினாத்தாள் அச்சிடக்கூடக் காகிதம் இல்லை!

அதிபர் கோட்டாபய ராஜபக்ச பதவி விலக வேண்டும் என்று ஏப்ரல் 9-இல் கொழும்பு காலிமுகத் திடலில் இளைஞர்கள் கூடாரம் அடித்தார்கள். அந்த இடத்துக்கு ‘கோட்டா கோ கம’ (‘கோட்டா போ’ கிராமம்) என்று பெயர் வைத்தார்கள். நூலகம், ஓவியக்கூடம், பாட்டு எல்லாம் இருந்தன. படம் காட்டிய கூடாரத்தின் பெயர் ‘கண்ணீர்ப்புகை சினிமா’. என்ன குசும்பு! தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. மே 18 அன்று அதே திடலில், போரில் இறந்த தமிழர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறினார்கள்.

ஜூலை 9-இல் அதிபர் மாளிகை போராட்டக்காரர்கள் வசமானது. 13-இல் கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டே வெளியேறினார்.

தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. உதவி அனுப்ப அனுமதி கேட்டு ஏப்ரல் 29-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. திடலில் கஞ்சி ஊற்றிய அதே மே 18-இல், 9,000 டன் அரிசி, 200 டன் பால்பவுடர், மருந்துகளுடன் முதல் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கிளம்பியது.