கண்ணுக்குத் தெளிவு, கருவிக்குத் திரை

கண்ணாடிக் குவளையில் நிறைந்த நீரின் அடியில் கிடக்கும் நாணயத்தை நம் கண் எளிதில் காண்கிறது. அதே குவளையை வெப்பப் படக்கருவியால் பக்கவாட்டில் நோக்கினால் நாணயமும் தெரியாது, நீரும் தெரியாது. குவளைச் சுவரின் வெளிப்புற வெப்பநிலையே படமாகும். இதன் காரணத்தை அறிந்தால்தான் திரவ ஓட்டத்தை வெப்பப் படமாக்க இயலும்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷெல் அகச்சிவப்புக் கதிர்களைக் கண்டறிந்தார். பொருள்கள் தம் வெப்பநிலைக்கேற்ப இக்கதிர்களை உமிழ்கின்றன. வெப்பப் படக்கருவிகள் பெரும்பாலும் 3 முதல் 5 வரை அல்லது 8 முதல் 14 வரையிலான மைக்ரோமீட்டர் அலைநீளங்களில் இயங்குகின்றன. மூலக்கூறுப் பிணைப்புகள் பலவும் இவ்வெல்லைகளை ஒட்டியே அதிர்ந்து கதிரை உட்கவர்கின்றன. 10 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிர், நீரினுள் ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர் செல்வதற்குள் தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழக்கிறது. இது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆதலின், மேலிருந்து நோக்கினும் நீரின் புறத்தோலே புலப்படும், உள்ளோட்டம் மறைந்திருக்கும்.

கார்பன் டெட்ராகுளோரைடில் ஹைட்ரஜன் இல்லை. கனமான குளோரின் அணுக்கள் மெதுவாக அதிர்வதால், அது வலிமையாக உட்கவரும் அலைநீளம் நெடிதாகிறது. 3 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையிலான கதிர்களுக்கு அது பெரிதும் வழிவிடுகிறது. எனினும், அது கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. நெடிய அலைகளுக்கு வழிவிடும் கார்பன் டைசல்பைடோ நஞ்சானது, எளிதில் தீப்பற்றுவது.

தீங்கற்றதும் முற்றிலும் கதிர்புகவிடுவதுமான திரவம் கிடைப்பின் சிக்கல் தீருமா? தீராது. நன்கு உட்கவரும் பொருளே நன்கு உமிழும் என்பது கிர்க்காஃப் விதி. எதையும் உட்கவராத திரவம் எதையும் உமிழாது. அதனூடே பின்சுவரின் வெப்பநிலையை அளக்கலாம். திரவத்தின் வெப்பநிலையை அளக்க இயலாது. இதனை உணராதவர், சுவரின் வெப்பநிலையைத் திரவத்தின் வெப்பநிலையெனப் பிழையாகக் கொள்வர்.

எனவே, காண வேண்டியது எது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். சுவரைக் காண, கதிர்புகவிடும் திரவம் வேண்டும். ஓட்டத்தைக் காண, ஓரளவு உட்கவர்ந்து ஓரளவு உமிழும் மெல்லிய திரவப்படலம் வேண்டும். சிலிக்கோன் எண்ணெய்ப் படலம் சில அலைநீளங்களில் இத்தகையது. நீரையே ஆராய வேண்டுமெனில், 3 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையிலான கதிர்களைப் புகவிடும் நீலக்கல் பலகையை அடித்தளமாக்கி, நீர் தொடும் பரப்பின் வெப்பநிலையைக் கீழிருந்து அளக்கலாம்.

திரவம், கலத்தின் சாளரம், கருவியின் அலைநீளம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பொருத்தித் தேர்ந்தால்தான் படம் உண்மையை உரைக்கும்.