தாயக்கட்டையும் தசமப் புள்ளியும்

நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் தம் பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் நமக்கு விளங்கப் போவதில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். "நான் படித்தது அணா பைசாக் கணக்கு, என் பேத்தி படிப்பது வேறு கணக்கு" என்று எண்பது வயதைக் கடந்த நெசவாளப் பெரியவர் ஒருவர் நம்மிடம் கூறினார். பாவுக்கு எத்தனை இழை, ஊடைக்கு எவ்வளவு நூல், கூலியில் முன்பணம் போக மீதி எவ்வளவு என்பதையெல்லாம் காகிதமின்றிச் சொல்லக்கூடியவர் அவர். அவருடைய அபிப்பிராயம் சரியன்று என்பதை, அவர் மகள் வீட்டிலேயே நாம் காண நேர்ந்தது.

நவராத்திரிக்குச் சில தினங்கள் முன்பு ஓர் அலுவலாகச் சென்னை சென்றிருந்தோம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் நிறைந்திருந்தன. அவ்வீதிக்கு அருகிலேயே அந்த வீடு. பெரியவரும் அங்கு வந்திருந்தார். ஏழாம் வகுப்பில் படிக்கும் பேத்தி கூடத்தில் அமர்ந்து பயிற்சிக் கணக்குகள் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றில் இரண்டு தவறு. தவறியது அவளது அறிவினால் அன்று. எண்களுக்குப் பின்னே இருக்கும் பொருளை ஒருவரும் அவளுக்குக் காட்டவில்லை.

முதற் கணக்கு இது: 16.9, 16.12 இவற்றுள் பெரியது எது? "பன்னிரண்டு ஒன்பதைவிடப் பெரியதுதானே, தாத்தா? அதனால் 16.12" என்றாள் குழந்தை. உலகெங்கும் இந்த வயதுப் பிள்ளைகள் செய்யும் பிழை இது. பெரியவர் சிறிது யோசித்துவிட்டு, "அம்மா, பதினாறு ரூபாய்க்கு மேல் தொண்ணூறு காசு பெரிதா, பன்னிரண்டு காசு பெரிதா?" என்று கேட்டார். அவள் உடனே அடித்து எழுதினாள்.

பெரியவருக்கு இது வந்த வரலாறு உண்டு. 1957 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் தசம நாணயம் வந்தது. பதினாறு அணா ரூபாய், நூறு நயா பைசா ரூபாயாயிற்று. ஓர் அணாவுக்குச் சரியான மதிப்பு 6.25 நயா பைசா. ஆனால் கால் பைசா என்றொரு நாணயம் இல்லாமையால் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19 என்று முழுமையாக்கிக் கொண்டனர். ஓரணாப் பொருளைத் தனித்தனியே பதினாறு முறை விற்றவருக்கு 96 நயா பைசாவே கிடைக்கும். நான்கு காசு நஷ்டம். அந்நாளில் சிறுவராயிருந்த பெரியவர் அதை மறக்கவில்லை. புள்ளிக்குப் பின் வரும் இலக்கத்திலும் பணம் இருக்கிறது என்பதை அவர் அப்போதே அறிந்துகொண்டார்.

விவசாய அங்கத்தினர்களுக்கு இதனினும் கூர்மையான உதாரணம் கொள்முதல் நிலையத்தில் இருக்கிறது. நெல்லின் ஈரப்பதத்துக்கு அரசின் வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழைக் காலங்களில் அது தளர்த்தப்பட்டதும் உண்டு. எனினும் தளர்வு வராத நாளில் 16.9 காட்டினால் மூட்டை உள்ளே போகும், 17.1 காட்டினால் களத்துக்குத் திரும்பும். மேலும், 20 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்கு உலர்த்தினால் எடை எவ்வளவு குறையும்? மூன்று சதவீதம், ஆகவே 30 கிலோ என்றுதான் நம்மில் பலர் சொல்வர். உண்மையில் நீர் போக உள்ள பொருள் 800 கிலோ. உலர்ந்த பின் அது மொத்தத்தில் நூற்றுக்கு 83 பங்காக வேண்டும். 800-ஐ 0.83-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 963.9 கிலோ. குறைவு 36 கிலோவுக்குச் சற்று மேல். அந்த ஆறு கிலோவை எவரும் திருடவில்லை. கணக்கிலேயே அது இருக்கிறது. இது தெரியாமல் தராசின்மீது பழி போடுவோர் உண்டு. (தராசின்மீது பழி போட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு, அது வேறு கட்டுரை.)

இரண்டாவது கணக்கில் குறை எண். குறை ஐந்திலிருந்து குறை எட்டைக் கழிக்க வேண்டும். குழந்தை குறை பதின்மூன்று என்று எழுதியிருந்தாள். "இரண்டு குறை சேர்ந்தால் மிகை" என்ற சூத்திரம் அவளுக்கு மனப்பாடம். அதை எங்கே பிரயோகிப்பது என்பதுதான் தெரியவில்லை.

இதைச் சங்கப் பேரேட்டின் மொழியில் சொல்லிப் பார்த்தோம். ஒருவர் கையில் மூவாயிரம் ரூபாய். சங்கத்துக்குக் கடன் எட்டாயிரம். அவர் நிலை குறை ஐந்து. அந்த எட்டாயிரக் கடன் ரத்தாகிறது. அதாவது குறை எட்டு கழிக்கப்படுகிறது. மிஞ்சுவது கையிலுள்ள மூன்று. அவ்வளவுதான். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு, கூட்டுறவுச் சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்ததே, அது முழுவதும் இந்தக் கணக்குத்தான். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் சித்தாந்த நூலில் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ருணம் என்றும் வழங்கினார். சூனியத்திலிருந்து ருணத்தைக் கழித்தால் தனம் என்று விதி வகுத்தார். ருணமென்றால் கடன். பதினெட்டாம் நூற்றாண்டிலும் குறை எண்ணை எண்ணாகவே ஒப்பத் தயங்கிய ஐரோப்பியக் கணிதர்கள் இருந்தனர். கடன் வாங்கி அறியாதவர்கள் போலும்!

மூன்றாவது, நிகழ்தகவு. நம் ஊர்ப் பெற்றோர் பெரிதும் அஞ்சும் சொல் இதுவே. ஆனால் அதே மயிலாப்பூரில், லஸ் சர்ச் சாலையிலுள்ள ஏகாம்ர நிவாஸ் என்னும் இல்லத்தில், அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் புதல்வர் அல்லாடி ராமகிருஷ்ணன், வான்கதிர்களின் பெருக்கத்தை நிகழ்தகவு முறையால் ஆராய்ந்து புகழ்பெற்றார். அவர் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி நடத்திய கருத்தரங்கை 1960-இல் நீல்ஸ் போர் என்னும் டேனிஷ் அறிஞர் வந்து கண்டார். அதிலிருந்து 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இன்று அடையாற்றுக்கு அப்பால் தரமணியில் இருக்கிறது. சி. எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய கணிதப் பள்ளியும் சிறுசேரிக்குப் போகுமுன் தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலையில்தான் நடந்தது. நாம் பட்டுப்புடவை விற்கப் போகும் வீதிகளுக்குப் பக்கத்திலேயே இவ்வளவும் நடந்திருக்கின்றன.

குழந்தையின் நிகழ்தகவுக் கணக்கு சரியாகவே இருந்தது. ஆயினும் அதன் பொருள் அவளுக்குப் புலப்படவில்லை. பெரியவர் எழுந்து சென்று பித்தளைத் தாயக்கட்டை இரண்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. நான்கும் நான்கும் பெருக்கப் பதினாறு விதமாக விழலாம். தாயம் விழ ஒன்றும் வெறுமையும் வேண்டும். அதற்கு வழி இரண்டு. "அப்படியானால் ரூபாயில் இரண்டு அணா!" என்றார் பெரியவர். நாம் திகைத்தோம். பதினாறில் இரண்டு, எட்டில் ஒன்று, 0.125. மறு ஆட்டம் தரும் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்குக்கும் சேர்த்து வழிகள் ஆறு; ஆறு அணா, 0.375. அணாக்கணக்குப் படித்தவருக்கு நிகழ்தகவு தெரியாதென்று யார் சொன்னது?

எட்டு முறை உருட்டினால் ஒரு தாயமாவது விழுந்தே தீரும் என்று குழந்தை வாதித்தாள். அது சரியன்று. எட்டு உருட்டலிலும் தாயமே விழாதிருக்க நூற்றுக்கு 34 பங்கு வாய்ப்புண்டு. ஏழு முறை விழவில்லையே என்று எட்டாவதில் கட்டை இரக்கம் காட்டாது.

இது விளையாட்டோடு நிற்கும் விஷயமன்று. 2016 முதல் நடைமுறையிலுள்ள பிரதமர் பயிர்க் காப்பீட்டில், இழப்பீடு பெரும்பாலும் பயிர் அறுவடைப் பரிசோதனையைச் சார்ந்தே தீர்மானிக்கப்படுகிறது. எந்த ஊர், எந்தப் புல எண், வயலில் எந்த மூலை என்பவற்றைச் சமவாய்ப்பு எண்கள் தேர்ந்தெடுக்க, அங்கே ஐந்து மீட்டர் சதுரம் அளந்து நெல் அறுக்கப்படுகிறது. 1940-களில் பான்ஸே, சுகாத்மே என்னும் புள்ளியியல் அறிஞர்கள் இங்கு செம்மைப்படுத்திய முறை இது. சாலையோரத்துச் செழிப்பான வயலை யாரேனும் கைகாட்டி அறுக்கச் செய்தால், விளைச்சல் வரம்புக்கு மேல் போய்விடும். வட்டாரம் முழுவதும் இழப்பீட்டை இழக்கும். அறுக்க வரும்போது, இந்த எண் எப்படி வந்தது என்று கேட்கத் தெரிந்த ஒருவர் ஊரில் வேண்டும். அவர் ஏழாம் வகுப்புப் படித்தவராயிருந்தாலும் போதும்.

அன்றிரவு எண்பது முறை உருட்டிக் குறித்துக்கொண்டோம். பத்து தாயத்தை எதிர்பார்த்தோம், பதின்மூன்று விழுந்தன. கட்டை ஒருபுறம் தேய்ந்திருக்குமோ என்று பெரியவருக்குச் சந்தேகம். எண்பது போதாது, எண்ணூறு உருட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றாள் பேத்தி. நாம் ஊருக்குப் புறப்பட்டபோது அவள் எழுதிய கணக்கு இருநூற்றிருபதில் நின்றிருந்தது.