பகல் பராமரிப்பு நிலையம்: பிள்ளைக்கு முன்னர் அனுமதி வரட்டும்

இருபது வருடங்களுக்கும் மேலாகப் புடவைக் கடை நடத்தி வரும் எனக்கு, சிறுவர் பகல் பராமரிப்பு நிலையம் பற்றி எழுத என்ன தகுதி இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாவனல்லையில் எனது மனைவியும் நானும் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்தி வருகின்றோம். அதில் நாங்கள் கண்ட வெற்றியை விட, ஆரம்பத்தில் நான் விட்ட பிழைதான் என்னை இதனை எழுதத் தூண்டியது.

அண்மைக் காலமாக வர்த்தக நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நானா, டே கெயார் நல்லாப் போகுதாமே, எங்கட பழைய வீடு சும்மாதான் கிடக்குது. நாங்களும் ஒன்டு போடலாமா?"

போடலாம். ஆனால் கடை போடுவது போல் போட முடியாது. ஏன் என்பதை எனது அனுபவத்திலிருந்தே சொல்கின்றேன்.

முதல் ஆறு மாதங்கள்

2017 ஜனவரியில் எங்கள் பழைய வீட்டுக்கு வர்ணம் பூசி, பாய்களும் விளையாட்டுப் பொருட்களும் வாங்கி, பெயர்ப் பலகை ஒன்றை மாட்டினோம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்து, அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கவிட்டேன். கடைக்குச் செய்தது போலவே எல்லாம் முடிந்து விட்டது என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் பதினேழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். பார்த்துக் கொள்ள மூன்று பெண்கள். கையில் காசு மிஞ்சியது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் பகல் வேளை. பால்காரர் வந்து போன பின்னர் கேற்றின் கொளுக்கியை யாரும் போடவில்லை. ஒருவர் சமையலறையில், ஒருவர் கைக்குழந்தையைக் கழுவிக் கொண்டு, மற்றவர் தூங்க வைத்துக் கொண்டு இருந்திருக்கின்றார்கள். இரண்டரை வயதுப் பையன் ஒருவன் வெளியே நடந்து, கண்டி வீதிக்கு இறங்கும் குறுக்கு வீதியின் முனைக்கே போய்விட்டான். ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி அவனைத் தூக்கிக் கொண்டு வீடு வீடாக விசாரித்து எங்கள் கேற்றுக்கு வந்தார். "முதலாளி, இந்தப் பிள்ளை உங்கட இடத்துப் பிள்ளையா?" என்று அவர் கேட்கும் வரை, பிள்ளை காணாமல் போனது உள்ளே எவருக்கும் தெரியாது.

பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. மாலையில் தகப்பனை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்து விட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "நானா, இது கடைக்கு எடுக்கிற பதிவுதானே? பிள்ளைகளைப் பார்க்கிறதுக்கு யாரிட்ட பதிஞ்சிருக்கீங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுநாளே பெற்றோருக்கு அறிவித்து, மாத இறுதியுடன் நிலையத்தை மூடினோம். முறைப்படி அனுமதி பெற்று மீண்டும் திறந்தது 2018 ஜனவரியில்.

கேள்வி உண்டு, ஆனால் எங்கே?

எமது நாட்டில் வேலை செய்யும் வயதுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற் சந்தையில் இருக்கின்றனர். பிள்ளையைப் பார்க்க நம்பிக்கையான ஆளில்லை என்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். சம்பளத்துடனான பிரசவ விடுமுறை 84 நாட்கள். அதாவது பிள்ளைக்கு நான்கைந்து மாதமாகும் போதே தாய் வேலைக்குத் திரும்ப வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் உம்மம்மா பார்த்துக் கொண்ட காலம் குறைந்து வருகின்றது.

எனினும், ஊரில் தேவை இருப்பது வேறு, உங்கள் வீதியில் தேவை இருப்பது வேறு. தாய்மார் வேலைக்குப் போகும் வழியில் இல்லாத நிலையத்துக்குப் பிள்ளை வராது. எனவே இடம் பார்க்கும் முன்னர் அருகிலுள்ள வைத்தியசாலை, வங்கி, பாடசாலை, ஆடைத் தொழிற்சாலை ஆகியவற்றில் வேலை செய்யும் தாய்மாரில் ஒரு முப்பது பேரிடமாவது பேசுங்கள். பிள்ளையின் வயது என்ன, எத்தனை மணிக்குக் கொண்டு வருவார்கள், எத்தனை மணிக்கு அழைத்துச் செல்வார்கள், எவ்வளவு கொடுக்க முடியும் என்ற நான்கையும் எழுதி எடுங்கள். தாதி ஒருவருக்குக் காலை ஆறரைக்கே கதவு திறந்திருக்க வேண்டும். வங்கியில் வேலை செய்பவர் மாலை ஆறு மணிக்கே வருவார். உங்கள் திறந்திருக்கும் நேரத்தை இந்தப் பட்டியல்தான் தீர்மானிக்க வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

இங்கேதான் வியாபாரிகள் பலரும் தடுமாறுகின்றோம். வியாபாரப் பெயர்ப் பதிவு என்பது அந்தப் பெயரில் தொழில் செய்பவர் யார் என்பதைக் காட்டும் பதிவு மாத்திரமே. அது பிள்ளைகளைப் பராமரிப்பதற்கான அனுமதி அல்ல.

நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு, முன்பள்ளி ஆகிய விடயங்கள் 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் கீழ் மாகாண சபைகளுக்கு உரியவை. எனவே விண்ணப்பப் படிவமும் நடைமுறையும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். அயல் மாவட்டத்து நண்பர் பெற்ற முறையை அப்படியே பின்பற்றாதீர்கள். உங்கள் பிரதேச செயலகத்துக்குச் சென்று, முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்குச் செல்லும் வழியையும் அங்கேயே கேட்டறியலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை பகல் பராமரிப்பு நிலையங்களுக்கென வெளியிட்ட தேசிய வழிகாட்டல்களின் பிரதி ஒன்றைப் பெற்று, மேசனை அழைப்பதற்கு முன்னர் வாசியுங்கள். பின்னர் வாசித்தால் கட்டியதை இடிக்க நேரிடும். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. ஒரு கழிவறைச் சுவரை இரண்டு முறை கட்டினேன்.

இவற்றுடன் பிரதேச சபை அல்லது நகர சபையின் அனுமதி, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடைய பரிசோதனை, கிராம உத்தியோகத்தரின் சான்று, ஊழியர்களின் பொலிஸ் நற்சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் ஆகியனவும் தேவைப்படும். எல்லாவற்றையும் ஒரே கோவையில் போட்டு, மூன்று பிரதிகள் எடுத்து வையுங்கள். எங்களுக்கு இந்த வேலை முடிய நான்கு மாதங்கள் பிடித்தன. அந்த நான்கு மாத வாடகையும் முதலீட்டில் ஒரு பகுதியே.

சட்டத்தையும் அறிந்து கொள்ளுங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 308 அ பிரிவின்படி, தமது பொறுப்பில் உள்ள பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவரை வேண்டுமென்றே அடிப்பது, துன்புறுத்துவது மாத்திரமன்றி, கவனியாது விடுவதும் கைவிடுவதும் குற்றமாகலாம். துவேசமான ஒரு வார்த்தை கூடப் பேசாத ஊழியரும், பிள்ளையைக் கவனியாது விட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கட்டடம்

இந்தத் தொழிலுக்கு மாடியை விடக் கீழ் வீடு சிறந்தது. வெளியேற இரண்டு வழிகள் இருக்க வேண்டும். கிணறு, தண்ணீர்த் தொட்டி, வாளி எதுவும் மூடியின்றி இருக்கலாகாது. வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் தவழும் பிள்ளைக்கு அது ஆபத்தே. மின்சார பிளக்குகள் கைக்கு எட்டாத உயரத்தில் அல்லது மூடியுடன் இருக்க வேண்டும். சமையலறைக்குத் தனிக் கதவு, எரிவாயு சிலிண்டர் வெளியே, தீயணைப்புக் கருவி ஒன்று, முதலுதவிப் பெட்டி ஒன்று. பீலிகளையும் பூச்சாடிகளையும் கிழமைக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். டெங்கு நுளம்பு பெருக இடம் கொடுத்தால், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்கும் வரும், பிள்ளைகளுக்கு நோயும் வரும்.

எங்கள் கேற்றுக்கு இப்போது இரண்டு கொளுக்கிகள். ஒன்று பெரியவர் கைக்கு மாத்திரம் எட்டும் உயரத்தில் இருக்கின்றது. அதற்குச் செலவானது சில நூறு ரூபாய்களே.

ஊழியர்கள்

சம்பளம் குறைவாக எடுப்பவரைத் தேடுவது வியாபாரிகளின் இயல்பு. இத்தொழிலில் அது நட்டத்தையே தரும். பிள்ளை ஒரு முகத்துக்குப் பழகி விடும். அடிக்கடி ஆள் மாறினால் பிள்ளை அழும். பிள்ளை அழுதால் தாய் வேறு இடம் தேடுவார். நாங்கள் ஒரு வயதுக்குக் குறைந்த மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட ஏழு எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்று வைத்திருக்கின்றோம். பொறுப்பாளர் முன்பள்ளிக் கல்வியில் பயிற்சி பெற்றவர். இதற்குத் திறந்த பல்கலைக்கழகத்தில் சான்றிதழ்ப் பாடநெறி உண்டு. முதலுதவிப் பயிற்சியை இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தில் பெறலாம். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் எந்த ஊழியரும் தனித்து இருப்பதில்லை என்பதும், அடிப்பதற்கு மாத்திரமன்றிப் பயமுறுத்துவதற்கும் அனுமதியில்லை என்பதும் எங்கள் விதிகள்.

கணக்கு

இனி வியாபாரிகளுக்குப் பிடித்த பகுதிக்கு வருவோம். இருபது பிள்ளைகள் கொண்ட ஒரு நிலையத்தின் மாதக் கணக்கை மாதிரியாகத் தருகின்றேன். உங்கள் ஊரின் விலைகளைப் போட்டு மாற்றிக் கொள்ளுங்கள்.

வரவு: பிள்ளை ஒன்றுக்கு 18,000 ரூபா வீதம் 360,000 ரூபா.

செலவு: பொறுப்பாளருக்கு 45,000, பராமரிப்பாளர் மூவருக்கு 105,000, சமையல் மற்றும் துப்புரவு செய்பவருக்கு 32,000. ஆகச் சம்பளம் 182,000. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் சேர்ந்து 27,300. வாடகை 30,000. பிள்ளைக்கு நாளொன்றுக்கு 150 ரூபா வீதம் 22 நாள் உணவு 66,000. மின்சாரம், தண்ணீர் 12,000. சவர்க்காரம், எரிவாயு 10,000. திருத்த வேலை 5,000. மொத்தம் 332,300 ரூபா.

மிஞ்சுவது 27,700 ரூபா மாத்திரமே. உணவு தவிர்ந்த 266,300 ரூபா, பிள்ளை குறைந்தாலும் குறையாத செலவு. பதினெட்டுப் பிள்ளைகள் வரை கைக்காசு போகும். பத்தொன்பதாவது பிள்ளையிலிருந்தே இலாபம் தொடங்கும். ஏழரை இலட்சம் முதல் போட்டால் அது திரும்ப இரண்டேகால் வருடமாகும்.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் மனதில் ஓர் எண்ணம் வரும். "ஆளைக் குறைத்துப் பிள்ளையைக் கூட்டினால் என்ன?" 2017 இல் என் கையில் காசு மிஞ்சியதன் இரகசியமும் அதுதான். மூன்று பேருக்குப் பதினேழு பிள்ளைகள். அவர்களில் ஒருவர் சமைக்கவும் வேண்டும். அன்று கேற்றைப் பார்க்க ஆளில்லாமல் போனது தற்செயலன்று. நான் இலாபம் என்று எண்ணியது, வைத்திருக்க வேண்டிய இரண்டு ஊழியர்களின் சம்பளமே.

கடையில் இன்று விற்காத புடவையை நாளை விற்கலாம். இங்கே இன்று காலியாக இருந்த இடத்தை நாளை விற்க முடியாது. மீன் வியாபாரம் போன்றதே இது. எனவே கட்டணத்தை மாத ஆரம்பத்திலேயே முற்பணமாக வாங்குங்கள். மூன்று மாதச் சம்பளத்தை ஒதுக்கி வையுங்கள். 2020 இல் கொரோனா ஊரடங்கின் போதும், 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின் போதும் எங்கள் நிலையம் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஒதுக்கம் இல்லாதிருந்தால் பழகிய ஊழியர்களை இழந்திருப்போம்.

பெற்றோருடன் உடன்படிக்கை

பிள்ளையைச் சேர்க்கும் போதே எழுத்தில் போட வேண்டியவை சில உண்டு. அழைத்துச் செல்ல உரிமையுள்ளவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். தடுப்பூசி விபரம் அடங்கிய பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டின் பிரதி. ஒவ்வாமை உள்ள உணவு. காய்ச்சல் இருந்தால் ஏற்பதில்லை என்ற விதி. தாமதித்து வந்தால் மேலதிகக் கட்டணம். பெற்றோரின் அனுமதியின்றிப் பிள்ளையின் படத்தை முகநூலில் போடுவதில்லை என்ற உங்கள் வாக்குறுதியையும் சேருங்கள். பட்டியலில் பெயரில்லாதவர் சாச்சாவாக இருந்தாலும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். முதலில் கோபிப்பார்கள், பிறகு அதற்காகவே உங்களை மதிப்பார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைப் பெற்றோரின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைத்திருக்கின்றோம். "உங்களுக்கு எதிராக முறையிட நீங்களே வழி காட்டுவதா?" என்று ஒரு நண்பர் சிரித்தார். அதைப் பார்த்து எங்களை நம்பிப் பிள்ளையைச் சேர்த்த தாய்மார் பலர்.

அன்று கேள்வி கேட்ட அந்தத் தகப்பன், 2018 இல் நாங்கள் திரும்பத் திறந்த போது வந்தார். பதிவுச் சான்றிதழை நிதானமாக வாசித்தார். கேற்றின் மேல் கொளுக்கியைத் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார். அடுத்த கிழமை தனது இரண்டாவது பிள்ளையைக் கொண்டு வந்து சேர்த்தார்.

ஒருவர் தனது பிள்ளையை விட்டுச் செல்வது அமானிதம். அதற்கு அனுமதிப் பத்திரம் மாத்திரம் போதாதுதான். ஆனால் அதனைப் பெறுவதற்காக அளந்த அறையும், மூடிய கிணறும், விசாரித்து எடுத்த ஊழியரும்தான் இந்த வியாபாரத்தின் உண்மையான முதல். பெயர்ப் பலகைக்கு ஓடர் கொடுக்கும் முன்னர் பிரதேச செயலகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள்.