கூட்டு மருத்துவ ஆராய்ச்சி நிதி: விண்ணப்பத்துக்குள் எங்கட சனம்

‘கம்பசுக்கு ஆராய்ச்சிக் காசு வந்திருக்காம்’ என்று ஊரில் ஒரு கதை அடிபட்டால், யாரோ ஒரு பேராசிரியருக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்றுதான் கனபேர் நினைக்கிறார்கள். அந்தக் காசு எப்படிக் கேட்கப்படுகிறது, எதற்காகக் கொடுக்கப்படுகிறது, அதில் நோயாளிக்கும் அயல் சனத்துக்கும் என்ன இடம் என்பதை அறிந்தவர்கள் குறைவு. கொடிகாமத்தில் தமிழ் படிப்பிக்கிற ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த விண்ணப்பங்களின் சில பக்கங்கள் மருத்துவத்தைவிட மொழியில்தான் தங்கியிருக்கின்றன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்களுக்குக் கிட்டிய உதாரணம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம். 1978இல் தொடங்கிய பீடம் அது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார, பராமரிப்பு ஆராய்ச்சி நிறுவகம், அந்நாட்டு வெளிநாட்டு உதவிப் பணத்திலிருந்து உலக சுகாதார ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கிறது. அந்த நிதியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஒரு நோயை ஆராய ஒரு குழுவை அமைத்தபோது, சீனா, பிரேசில் ஆகியவற்றோடு இலங்கையும் சேர்ந்தது. இலங்கையின் பங்காளி யாழ்ப்பாணம். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்பது நோயின் பெயர். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும். அங்கே இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரும். ஆளுக்கு எந்த அறிகுறியும் தெரியாமலே இருக்கலாம். அதனால் 50 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பரிசோதித்தார்கள். வைத்தியசாலைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால் வராதவர்கள் கணக்கில் விழமாட்டார்கள் அல்லவா?

இப்படியான நிதிக்கு ஒரு தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. முதலில் நிதி நிறுவனம் அழைப்பு விடும்: எந்த நோய், எந்த நாடுகள், எவ்வளவு காலம் என்று அதில் இருக்கும். பிறகு பங்காளிகளைத் தேட வேண்டும். இங்கேதான் முதல் சிக்கல். அழைப்பு வந்த பிறகு பங்காளி தேடுகிறவர்கள், இரண்டு கிழமைக்குள் எழுதி அனுப்பிய ஒரு மின்னஞ்சலை ‘கூட்டு’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். கேள்வியை வெளிநாட்டவர் தீர்மானித்திருப்பார். தரவு சேர்க்கிற வேலை மட்டும் இங்கே வரும். நல்ல கூட்டில் கேள்வியே இரு பக்கமும் சேர்ந்து பிறந்திருக்கும். இப்போது பல நிதியாளர்கள் இதை நேரடியாகக் கேட்கிறார்கள்: உள்நாட்டு ஆய்வாளர் தலைமையில் பங்கெடுக்கிறாரா, பணத்தில் எவ்வளவு இங்கே செலவாகிறது, இளையவர்கள் யார் பயிற்சி பெறப் போகிறார்கள், கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்று.

அடுத்தது பாதீடு. ஆய்வு உதவியாளர் சம்பளம், பயணம், கருவி, பரிசோதனைக் கட்டணம், மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் வரி வரியாக நியாயம் எழுத வேண்டும். காசு ஆய்வாளரின் கைக்கு வராது. பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வந்து, நிதிக் கிளையின் ஒழுங்கின்படிதான் வெளியே போகும். பங்காளிப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதும். தரவு யாருக்குச் சொந்தம், இரத்த மாதிரி நாட்டை விட்டுப் போகுமா, போனால் எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்பதெல்லாம் அங்கே தீர்மானிக்கப்பட வேண்டியவை. 2022இல் இலங்கை ரூபா சரிந்தபோது டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. தேசிய ஆராய்ச்சிப் பேரவை, தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற உள்நாட்டு நிதிகளில் ரூபாவில் காசு வாங்கி, இறக்குமதி இரசாயனத்தில் தங்கியிருந்தவர்களுக்கு அது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டு நிதியும் நிரந்தரம் இல்லை. பிரித்தானியா 2021இல் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தின் 0.7 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைத்தது.

ஆராய்ச்சியில் யார் எண்ணப்படுகிறார்கள் என்பது எங்கள் சமூகத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு அவர்களின் மனநலம் எப்படி இருக்கிறது என்று செஸ்மல் சிறிவர்தனவும் உடன் ஆய்வாளர்களும் பார்த்தார்கள். இலங்கை ஆய்வாளர்களும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்த வேலை அது. முடிவுகள் 2013இல் வெளிவந்தன. புத்தளத்தின் 141 குடியேற்றங்களில் 450 பெரியவர்களைக் கேட்டார்கள். 18.8 வீதமானோருக்கு ஏதோ ஒரு பொதுவான மனநலப் பிரச்சினை இருந்தது. அதில் ஆகப் பெரிய பங்கு, 14 வீதம், உடல் நோவாக வெளிப்படுகிற வகை. போருக்குப் பின் எல்லாரும் பேசுகிற அதிர்ச்சி மனவடு 2.4 வீதம்தான்.

இந்த எண்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு. எங்கட உம்மாமார் ‘மனசு சரியில்லை’ என்று டொக்டரிடம் சொல்ல மாட்டார்கள். ‘நெஞ்சு அடைக்குது’, ‘கை கால் உளையுது’, ‘தலை கிறுகிறுக்குது’ என்பார்கள். கேள்விக்கொத்து அந்தச் சொற்களில் கேட்காவிட்டால் நோயே இல்லாதது போல ஆகிவிடும்.

இன்று திரும்பி வந்தவர்களை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு போகிற ஓர் ஆய்வு, கிராம சேவையாளர் பிரிவின் பட்டியலையோ வாக்காளர் இடாப்பையோ வைத்துத்தான் ஆட்களைத் தெரிவு செய்யும். குடும்பத்தின் பாதி இங்கேயும் பாதி புத்தளத்திலும், பதிவு அங்கேயும் படுக்கை இங்கேயும் என்று இருக்கிறவர்கள் இரண்டு பட்டியலிலும் தவறிப் போகலாம். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் விண்ணப்பம் எழுதும்போதே ஒருவர் சொல்லாவிட்டால், பிறகு திருத்த முடியாது. மாதிரியின் அளவும் பணமும் அப்போதே தீர்ந்துபோயிருக்கும். கால அட்டவணையும் அப்படித்தான். நோன்பு மாதத்தில் காலை வெறுவயிற்று இரத்தம் எடுக்கப் போனால், ஸஹருக்குச் சாப்பிட்டவரின் சீனியைத்தான் அளப்பார்கள். பெண்களிடம் கேட்கப் பெண் உதவியாளர் வேண்டும் என்றால் அதற்கும் பாதீட்டில் ஒரு வரி வேண்டும்.

பிரித்தானிய நிதியாளர்கள் ‘சமூகப் பங்கேற்பு’ என்று ஒரு பகுதியையே விண்ணப்பத்தில் வைத்திருக்கிறார்கள். சாதாரண ஆளுக்கு விளங்குகிற மொழியில் ஒரு சுருக்கமும் கேட்கிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகம், மாதர் சங்கம், பாடசாலை ஆசிரியர்கள் என்று யாரும் அந்த இடத்தில் உட்காரலாம். அழைப்பு வரும்வரை காத்திராமல், மருத்துவ பீடத்தின் சமூக மருத்துவத் துறைக்குப் போய் ‘எங்கட பகுதியில் சிறுநீரக நோய், சீனி வியாதி பற்றி ஏதும் பார்க்கிறீர்களா’ என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி மொழி. ஆய்வுக்கு ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்குத் தகவல் தாளும் சம்மதப் படிவமும் தமிழில் வேண்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடுவது வழக்கம். ஒப்பீட்டில் சரியாக வரும் தமிழ் வாசிக்கிறவருக்கு விளங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ‘எழுமாற்றாகத் தெரிவுசெய்யப்பட்டீர்கள்’ என்பது பிழையில்லாத தமிழ். சந்தையில் தேங்காய் விற்கிறவருக்கு ‘சீட்டுக் குலுக்கினது போல உங்கட பெயர் வந்தது’ என்றால்தான் ஏறும். மானிப்பாயில் 1848இல் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கி, பின்னாளில் அதைத் தமிழில் படிப்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன் இதே பிரச்சினையோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினவர். சொல் ஆக்குவதில் அவர் பட்ட பாடு எங்கள் மொழிக்கு வந்த லாபம். ஆனால் அவர் எழுதியது மாணவனுக்கு. சம்மதப் படிவமோ நோயாளிக்கு.

அந்தப் படிவம் உங்கள் கைக்கு வந்தால் ஆறுதலாக வாசியுங்கள், அல்லது பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதி உங்களுக்குரியது. யார் நிதி கொடுக்கிறார், முடிவை ஊருக்கு வந்து சொல்வார்களா, முறையிட எந்த இலக்கம் என்று கேட்கலாம். நடுவில் விலகலாம், விலகினால் கிளினிக்கில் கிடைக்கிற மருந்து நிற்காது. நேரம் வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்று சொன்னால் அவர்கள் நாளைக்கு வரத்தான் வேண்டும்.