காற்றைத் தெரிந்த பிள்ளைகள்
கற்றலின் கரையில் – 9

சென்ற வாரம் மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்கும் ஆசிரியர் வழிகாட்டிகளைப் பற்றிப் பார்த்தோம். அந்த வழிகாட்டி மன்னார்த் தீவின் வகுப்பறைக்குள் வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

அந்த வழிகாட்டிகள் வலியுறுத்தும் மாணவர் மையக் கற்றல் நம் ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் கம்பஹாவில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கியது. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தரம் 6க்கும் 10க்கும் வந்தது. ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளை அப்போது பயிற்சி பெற்றவர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அத்துடன் ஒரு கேள்வியும் கேட்பார்கள்: "நாற்பது நிமிடப் பாடவேளையில் இந்த ஐந்து படியும் ஏறினால் பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது?"

கேள்வி நியாயமானது. ஆனால் நேரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. குழுச் செயற்பாடு நடக்கும் வகுப்பொன்றைக் கூர்ந்து பாருங்கள். ஐந்து பிள்ளைகள் வட்டமாக இருப்பார்கள். நடுவில் டிமைத் தாள். மாக்கர் பேனை கெட்டிக்காரப் பிள்ளையின் கையில். இன்னொருவன் தாள் காற்றில் பறக்காமல் ஓரத்தைப் பிடித்திருப்பான். மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் முன்னால் வந்து வாசிப்பவளும் பேனை பிடித்தவளேதான். தாள் சுவரில் ஏறிவிடும். தாளின் ஓரத்தைப் பிடித்தவன் என்ன கற்றான் என்று யாரும் கேட்பதில்லை.

இதை உணர்ந்த ஆசிரியர்கள் தாங்களே வழி கண்டிருக்கிறார்கள். "வாய் திறக்காத பிள்ளையிடம்தான் பேனையைக் கொடுப்பேன். யார் வாசிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அப்படிச் செய்தால் எல்லாப் பிள்ளையும் கவனமாக இருக்கும்" என்றார் பேசாலைப் பக்கத்து ஆசிரியை ஒருவர். இதற்குச் செலவும் இல்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை.

அவருடைய தரம் 4 வகுப்பில் அன்று பாடம் காற்று. கடதாசிக் காற்றாடி செய்வதாகத்தான் ஆசிரியை திட்டமிட்டிருந்தார். காற்றாடி செய்துகொண்டிருக்கும்போதே ஒரு பையன் சொன்னான்: "டீச்சர், சோளகத்துக்கு அப்பா ஆக்கள் வடகடலுக்குப் போயிருவாங்க. வாடைக்குத்தான் இங்கால வருவாங்க."

"ஏன் தம்பி?" என்றார் ஆசிரியை.

அந்த ஒற்றைக் கேள்வியில் பாடம் முற்றத்து மணலுக்கு இறங்கியது. பிள்ளைகள் தீவை வரைந்தார்கள். தலைமன்னார் வடமேற்கு முனையில். தீவு அங்கிருந்து தென்கிழக்காகச் சரிந்து கிடக்கிறது. ஒரு கரை பாக்கு நீரிணைப் பக்கம், மறு கரை மன்னார் வளைகுடாப் பக்கம். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசினால் எந்தக் கரை கொந்தளிக்கும், எந்தக் கரைக்குத் தீவே மறைப்பாக நிற்கும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார்கள். தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்று மின் நிலையத்தின் 30 காற்றாலைகளை ஏன் அந்தப் பக்கம் நட்டார்கள் என்று ஒரு பிள்ளை கேட்க, இன்னொரு பிள்ளை அதே படத்தைக் காட்டிப் பதில் சொன்னது. அதற்குப் பிறகுதான் ஆசிரியை தென்மேற்குப் பருவக்காற்று, வடகீழ்ப் பருவக்காற்று என்று கரும்பலகையில் எழுதினார். தென்மேற்குக்கு மே முதல் செப்டெம்பர் வரை என்ற காலக்கணக்கையும் சேர்த்தார்.

இங்கே ஆசிரியரின் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த அறிவு இல்லாவிட்டால் பாடம் தொடங்கியிராது. ஆசிரியர் இல்லாவிட்டால் அந்த அறிவு வரைபடமாகவும் பருவக்காற்றாகவும் வளர்ந்திராது. மாணவர் மையம் என்றால் ஆசிரியர் ஒதுங்கி நிற்பது என்று நினைப்பவர்கள் இந்த வகுப்பைப் பார்க்க வேண்டும்.

மன்னாருக்கு இந்த மாணவர் மைய முறை ஏன் இன்றியமையாதது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பிள்ளைகள் புத்தளத்தில் படித்தார்கள். 2009 வரையான போரில் பெருநிலப்பரப்புப் பிள்ளைகள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தபோது ஒரே வகுப்பில் ஒரே வயதுப் பிள்ளைகள் பல மட்டங்களில் இருந்தார்கள். இன்றும் மீன்பிடித் தொழிலுக்காகக் குடும்பத்தோடு கடற்கரை வாடிக்குப் போகும் பிள்ளை சில வாரங்கள் வகுப்பைத் தவறவிடுகிறது. சிறிய பாடசாலைகளில் ஓர் ஆசிரியரே இரண்டு தரங்களைப் பார்க்க வேண்டியும் வருகிறது. எல்லாருக்கும் ஒரே வேகத்தில் பாடம் நடத்தினால் இந்தப் பிள்ளைகள் பின்தங்கியே போவார்கள்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் அனுபவம் இங்கே உதவும். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் 2003இல் தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலமெங்கும் பரவியது. பாடங்கள் அட்டைகளாகவும் ஏணிப்படிகளாகவும் பிரிக்கப்பட்டன. விடுமுறை எடுத்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடரலாம். அட்டையே சடங்காகிவிட்டது என்ற குறை பின்னாளில் எழுந்தது, முறையும் மாற்றப்பட்டது. என்றாலும், விட்ட இடத்திலிருந்து தொடரும் உரிமை வாடியிலிருந்து திரும்பும் நம் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

இத்தனைக்கும் குறுக்கே நிற்பது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் இந்தப் பரீட்சைக்காகத் தரம் 4இலேயே மாதிரி வினாத்தாள்கள் குவிந்துவிடுகின்றன. பெற்றோர் கேட்பது புள்ளி. அதிபரிடம் மேலிடம் கேட்பதும் புள்ளி. ஆசிரியர் மட்டும் மணலில் தீவு வரைந்துகொண்டிருக்க முடியுமா?

ஆகவே வகுப்பறைக்கு மேற்பார்வைக்கு வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுவரில் எத்தனை தாள் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். பின்வரிசைப் பிள்ளையை அழைத்து, இன்று நீ என்ன கேள்வி கேட்டாய் என்று விசாரியுங்கள். பெற்றோரும் மாலையில் புள்ளியைக் கேட்பதற்கு முன் இதையே கேட்கட்டும். பதில் சொல்ல முடிகிற பிள்ளைகள் எந்த வகுப்பில் அதிகமோ, அந்த வகுப்பில் கற்றல் நடக்கிறது.

(தொடரும்)